எக்ஸும் ஒய்யும் கைகோத்தால்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் அணிகளைப் பற்றி, அதாவது எண்களைக் கட்டம் கட்டமாக அடுக்கும் மேட்ரிக்ஸைப் பற்றி எழுதியபோது, கடைசியில் ‘இருபடி வடிவம்’ என்று ஒரு பெயரைச் சொல்லி நிறுத்தியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களுக்குத்தான் இந்த முறை முழுக்கப் பதில். கல்லூரிப் பிள்ளைகள்தான் எழுதுவார்கள் என்று நினைத்திருந்தேன். வெல்டிங் பட்டறையிலிருந்தும் கால் டாக்சியிலிருந்தும் கேள்வி வந்திருப்பதைப் பார்த்ததும் மனசு நிறைந்துவிட்டது.

கேள்வி: ஐயா, முதல் செமஸ்டர் கணக்கில் முதல் யூனிட்டே மேட்ரிக்ஸ். ‘குவாட்ரடிக் ஃபார்மை ஆர்த்தகனல் டிரான்ஸ்ஃபர்மேஷன் மூலம் கேனானிக்கல் ஃபார்முக்கு மாற்று’ என்று ஒரு பெரிய கேள்வி வரும் என்று சீனியர் அக்காக்கள் சொன்னதால் அதைப் பத்துத் தடவை போட்டுப் பழகிவிட்டேன். விடை சரியாக வருகிறது. ஆனால் என்ன செய்கிறேன் என்றே புரியவில்லை. இது எங்கேயாவது பயன்படுகிறதா?
— பொறியியல் முதலாண்டு மாணவி, விருதுநகர்

பதில்: பயன்படுகிறது அம்மா, நீங்கள் உட்கார்ந்து படிக்கும் கட்டடத்தின் பீமுக்குள்ளேயே அது இருக்கிறது.

முதலில் அது என்ன என்று நேராகப் பார்த்துவிடலாம். 5 எக்ஸ்² − 4 எக்ஸ்ஒய் + 8 ஒய்² என்று எழுதினால் அது ஓர் இருபடி வடிவம். ஒவ்வோர் உறுப்பிலும் இரண்டு பேர் பெருகி நிற்கிறார்கள். எக்ஸ் தன்னைத்தானே பெருக்கிக்கொள்ளும், ஒய்யும் அப்படியே, நடுவில் எக்ஸும் ஒய்யும் சேர்ந்து பெருகும். அந்த நடு உறுப்பைக் கலப்பு உறுப்பு என்று வைத்துக்கொள்வோம். 5, 8 இரண்டையும் மூலைவிட்டத்திலும், −4-ஐப் பாதிப் பாதியாக மற்ற இரண்டு கட்டத்திலும் போட்டால் அதுதான் உங்கள் மேட்ரிக்ஸ். இந்த விஷயத்தில் தலைவலியும் அதனால்தான், சுவையும் அதனால்தான். எக்ஸைக் கொஞ்சம் கூட்டினால் என்ன ஆகும் என்று கேட்டால், ‘ஒய் எவ்வளவு, அதைச் சொல் முதலில்’ என்று திருப்பிக் கேட்கிற உறுப்பு அது. நீங்கள் பரீட்சையில் செய்வது தாளைத் திருப்பிப் பிடிக்கிற வேலை. (2, 1) என்ற திசையை ஓர் அச்சாகவும் அதற்குச் செங்குத்தான (−1, 2) திசையை இன்னோர் அச்சாகவும் வைத்துப் பாருங்கள், அதே வடிவம் 4 யூ² + 9 வி² ஆகிவிடும் (யூ, வி என்பவை இந்தப் புது அச்சுகளில் அளந்த அளவுகள்). கலப்பு உறுப்பு போயே போய்விட்டது. அந்த 4, 9 இரண்டும் ஐகன் வேல்யூ, அந்தத் திசைகள் ஐகன் வெக்டர். பின்னிக் கிடப்பதைத் தனித்தனி இழையாகப் பிரித்துக் காட்டும் திசை எது என்று தேடுகிறீர்கள், அவ்வளவுதான்.

இதைக் கையில் தொட்டுப் பார்க்க ஒரு சாக்பீஸ் போதும். முழு சாக்பீஸாக எடுத்து, இரண்டு முனையையும் பிடித்து, வளைக்காமல், ஈரத்துணி பிழிவதுபோல முறுக்குங்கள். படக்கென்று உடையும். உடைந்த இடத்தைப் பாருங்கள், குறுக்கே நேராக இருக்காது, திருகாணியின் மரைபோலச் சுமார் 45 டிகிரி சாய்வில் சுற்றிக்கொண்டு போயிருக்கும். இன்னொரு சாக்பீஸை வளைத்து உடைத்துப் பாருங்கள், அது குறுக்கே நேராக உடையும். முறுக்கினால் மட்டும் ஏன் 45?

முறுக்கும்போது சாக்பீஸின் மேற்பரப்பில் நீளவாக்கில் இழுப்பும் இல்லை, அமுக்கமும் இல்லை. சுற்றுவாக்கிலும் கிடையாது. அதாவது எக்ஸ்² உறுப்பும் பூஜ்யம், ஒய்² உறுப்பும் பூஜ்யம், மிச்சம் இருப்பது 2 எக்ஸ்ஒய் என்கிற கலப்பு உறுப்பு மட்டும். அதை உங்கள் பரீட்சை முறையிலேயே போடுங்கள். ஐகன் வேல்யூ +1, −1 என்று வரும், திசைகள் இரண்டும் 45 டிகிரியில் நிற்கும். +1 என்பது இழுப்பு, −1 என்பது அமுக்கம். நாம் கொடுத்தது முறுக்கு, ஆனால் சாக்பீஸ் அனுபவித்தது சாய்வாக ஓர் இழுப்பு. அமுக்கத்தை அது தாங்கிவிடும், இழுப்பைத் தாங்காது, அதனால் அந்த இழுப்புக்குக் குறுக்கே பிளந்துகொண்டது.

கான்கிரீட்டுக்கும் இதே குணம். பீம் தூணில் வந்து உட்காருகிற இடத்துக்குப் பக்கத்தில் விரிசல் விட்டால் அது சாய்வாக ஓடுவதற்கும், கம்பி கட்டுகிறவர்கள் அந்த இடத்தில் ரிங்கை நெருக்கி நெருக்கிப் போடுவதற்கும் காரணம் இந்த 45 டிகிரி இழுப்புதான். பாதம் எதிலோ மாட்டி நிற்க உடம்பு மட்டும் திரும்பி விழுந்தவர்களின் எக்ஸ்ரேயில் கால் எலும்பு சுருளாக உடைந்திருக்கும், அதைப் பார்த்ததுமே இது முறுக்கில் உடைந்தது என்று எலும்பு டாக்டர்கள் சொல்லிவிடுவார்கள். சாக்பீஸ், பீம், கால் எலும்பு, மூன்றிலும் நீங்கள் பத்துத் தடவை போட்ட அதே கணக்கு ஓடுகிறது.

கேள்வி: பத்தாம் வகுப்பில் என் மகன் படிக்கிற இருபடிச் சமன்பாடும் நீங்கள் சொல்கிற இருபடி வடிவமும் ஒன்றுதானா?
— இல்லத்தரசி, நாமக்கல்

பதில்: பங்காளிகள் என்று சொல்லலாம். சமன்பாட்டில் எக்ஸ் என்ன என்று தேடுகிறோம். வடிவத்தில் அந்தத் தேடல் இல்லை, எக்ஸுக்கும் ஒய்க்கும் எதைக் கொடுத்தாலும் ஓர் எண் வெளியே வருகிறது, அந்த எண் எப்போதும் கூட்டல் பக்கமே இருக்குமா, சில நேரம் கழித்தல் பக்கமும் போகுமா என்பதுதான் அங்கே கேள்வி. ஆனால் அந்தக் கேள்விக்கு விடை சொல்வது உங்கள் மகன் மனப்பாடம் செய்திருக்கும் அதே பி² − 4 ஏசி. மேலே உள்ள வடிவத்தில் அது 16 − 160, அதாவது −144. கழித்தலில் வந்துவிட்டது, எக்ஸ்²-க்கு முன்னால் உள்ள 5-ம் கூட்டல், அதனால் அந்த வடிவம் பூஜ்யத்தைத் தாண்டிக் கீழே இறங்கவே இறங்காது. பையனிடம் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: தண்ணீர் டேங்க் ஸ்டாண்டு, ஷெட் இதெல்லாம் எல் ஆங்கிளில் அடித்துக் கொடுக்கிறோம். ஒரு ஸ்டாண்டில் சொன்னதைவிடப் பெரிய டேங்கை ஏற்றிவிட்டார்கள், ஒரு கால் வளைந்துவிட்டது. ஆங்கிளுக்கு இரண்டு பக்கம் இருக்கிறதே, அந்த இரண்டு பக்கத்தில் ஒரு பக்கமாக வளைந்தால் சரி. இது மூலைவாக்கில் வளைந்திருந்தது. இதற்கு முன்பும் இப்படியே பார்த்திருக்கிறேன். கணக்கில் இதற்குக் காரணம் இருக்கிறதா சார்?
— வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர், கோவை

பதில்: இருக்கிறது சார், நீங்கள் கண்ணால் பார்த்தது கலப்பு உறுப்பையேதான்.

ஆங்கிளுக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலை எடுத்துக்கொள்வோம். 30 சென்டிமீட்டர் ஸ்கேலை மேஜைமேல் செங்குத்தாக நிறுத்தி, மேல் முனையில் உள்ளங்கையை வைத்து மெதுவாக அழுத்துங்கள். கொஞ்ச நேரம் விறைப்பாக நிற்கும், விரலால் சுண்டினாலும் நேராகத் திரும்பிவிடும். இன்னும் அழுத்தினால் ஒரு கட்டத்தில் சட்டென்று வில்லாக வளையும். அந்தக் கட்டத்துக்கு முன்னும் பின்னும் ஸ்கேல் அதே ஸ்கேல், பிளாஸ்டிக் அதே பிளாஸ்டிக். மாறியது ஒரு குறி மட்டும். ஸ்கேல் கொஞ்சம் வளைந்தால் அதற்குள் தேங்கும் ஆற்றல் வளைவின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதே நேரத்தில் மேலே உள்ள சுமை கொஞ்சம் இறங்குகிறது, அந்த இறக்கமும் வளைவின் வர்க்கத்தைப் பொறுத்ததுதான். ஆக மொத்தக் கணக்கு, (ஸ்கேலின் விறைப்பு − சுமையின் பங்கு) × வளைவு². அடைப்புக்குறிக்குள் இருப்பது கூட்டலாக இருக்கும்வரை நேராக நிற்பதுதான் ஸ்கேலுக்கு லாபம். பூஜ்யத்தைத் தொட்டதும் ஆட்டம் முடிந்தது. தூண் எந்தச் சுமையில் இப்படி வளையும் என்பதைக் கணித மேதை ஆய்லர் 1744-லேயே கணக்குப் போட்டுவிட்டார். நீளம் பாதியானால் தாங்கும் சுமை நான்கு மடங்கு என்பதும் அந்தக் கணக்கிலேயே இருக்கிறது, 15 சென்டிமீட்டர் ஸ்கேலை அழுத்திப் பார்த்தால் உள்ளங்கையிலேயே தெரிந்துவிடும்.

இப்போது திசைக்கு வருவோம். ஸ்கேல் எப்போதும் தட்டையான பக்கம்தான் வளைகிறது, அகலவாக்கில் வளைவதில்லை. எந்தத் திசையில் விறைப்பு மிகக் குறைவோ அந்தத் திசையில்தான் போகும். எல் ஆங்கிளில் அந்தத் திசை எது? ஒரு பக்கத்துக்கு இணையாக அளந்தால் விறைப்பு ஓர் அளவு, மற்றப் பக்கத்துக்கு இணையாக அளந்தாலும் அதே அளவு. அதனால் எல்லாத் திசையிலும் அப்படித்தான் என்று தோன்றும். ஆனால் எல் வடிவத்துக்கு ஒரு கலப்பு உறுப்பு இருக்கிறது, இரும்பு முழுவதும் ஒரு மூலையை ஒட்டிக் கிடப்பதால் வருவது அது. அச்சை 45 டிகிரி திருப்பினால் அந்த உறுப்பு மறைந்து இரண்டு புது மதிப்புகள் வரும், ஒன்று மிகப் பெரியது, ஒன்று மிகச் சிறியது. இரண்டு பக்கமும் சமமான மெல்லிய ஆங்கிளுக்குப் போட்டால், அந்தச் சிறியது நீங்கள் பக்கவாட்டில் அளந்ததில் ஐந்தில் இரண்டு பங்குதான். அதாவது வெறும் 40 விழுக்காடு. சுமை ஏறும்போது ஆங்கிள் அந்தப் பலவீனமான திசையைத் தானே கண்டுபிடித்து மூலைவாக்கில் வளைகிறது. ஸ்டீல் டேபிள் புத்தகத்தில் ஆங்கிளுக்கு மட்டும் சாய்வான அச்சின் மதிப்பைத் தனிக் கட்டத்தில் அச்சிட்டிருப்பார்கள், டவர் டிசைன் செய்கிறவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான்.

சதுர பைப்பில் இந்தத் தொல்லை இல்லை. அதற்குக் கலப்பு உறுப்பு பூஜ்யம், இரண்டு மதிப்பும் சமம், அதனால் நேராகப் பார்த்தாலும் மூலைவாக்கில் பார்த்தாலும் விறைப்பு ஒன்றே. சதுரம் மூலைவாக்கில் நீளமாகத் தெரிந்தாலும் இந்த அளவில் அது வட்டக் குழாய் மாதிரிதான் நடந்துகொள்ளும். ஆங்கிளில்தான் அடித்தாக வேண்டும் என்றால் காலின் நடு உயரத்தில் இரண்டு பக்கமும் பிடிக்கிற மாதிரி குறுக்குப் பட்டை வையுங்கள், நீளம் பாதியாகிவிடும், மீதியை ஆய்லர் பார்த்துக்கொள்வார்.

கேள்வி: பாசிட்டிவ் டெஃபனிட், நெகட்டிவ் டெஃபனிட், இன்டெஃபனிட். வரையறை தெரியும், கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஓர் உதாரணம்?
— போட்டித் தேர்வுக்குப் படிப்பவர், தென்காசி

பதில்: உங்கள் ஊரிலிருந்தே சொல்கிறேன். எந்தப் பக்கம் நகர்ந்தாலும் மேலே ஏற வேண்டும் என்றால் நீங்கள் நிற்பது கிண்ணத்தின் அடி, அது பாசிட்டிவ். எந்தப் பக்கம் போனாலும் இறக்கம்தான் என்றால் குன்றின் உச்சி, அது நெகட்டிவ். செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு கணவாய் வழியாகக் கேரளத்துக்குப் போகிறீர்களே, அந்தக் கணவாயின் மேட்டில் இறங்கி நின்று பாருங்கள். சாலை வழியே பார்த்தால் நிற்கிற இடம்தான் உயரம், முன்னும் பின்னும் இறக்கம். சாலைக்குக் குறுக்கே பார்த்தால் நிற்கிற இடம்தான் பள்ளம், இரண்டு பக்கமும் மலை. எக்ஸ்² − ஒய்² என்பது அதுதான், இன்டெஃபனிட். எந்த வளைந்த பரப்பிலும் தட்டையான ஒரு புள்ளி கிடைத்ததும், அது கிண்ணமா, உச்சியா, கணவாயா என்று தீர்மானிக்க இரண்டாம் வகைக்கெழுக்களை (சரிவு எப்படி மாறுகிறது என்று சொல்பவை) அணியாக அடுக்கி ஐகன் வேல்யூவின் குறியைப் பார்க்கிறோம். செயற்கை நுண்ணறிவு மாடலைப் பயிற்றுவிக்கிறவர்கள் பிழை குறைந்த இடத்தைத் தேடி இறங்கும்போது, கிண்ணம் என்று நினைத்துக் கணவாயில் நின்றுவிடக் கூடாது என்பது அவர்களுக்கு அன்றாடக் கவலை.

கேள்வி: என் கார் 80-ஐத் தாண்டினால் ஸ்டியரிங் நடுங்கியது. டயர் கடையில் வீலை மெஷினில் மாட்டிச் சுற்றி, ரிம்மின் உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று என்று சின்ன வெயிட்டை ஒட்டிக் கொடுத்தார்கள், நடுக்கம் நின்றுவிட்டது. கனம் குறைந்த பக்கம் வைக்கிறார்கள், சரி. உள்ளேயும் வெளியேயும் தனித்தனியாக எதற்கு?
— கால் டாக்சி ஓட்டுநர், மதுரை

பதில்: அண்ணே, இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன், அவ்வளவு நல்ல கேள்வி.

சக்கரத்தில் இரண்டு விதமான குறை வரும். ஒன்று, ஒரு பக்கம் கனம் கூடி இருப்பது. சக்கரத்தைத் தூக்கி விட்டால் கனமான பக்கம் தானாகக் கீழே வந்து நிற்கும், கையாலேயே கண்டுபிடித்துவிடலாம். இன்னொன்று தந்திரமானது. உள் விளிம்பில் மேலே கொஞ்சம் கனம், வெளி விளிம்பில் அதற்கு நேர் எதிராகக் கீழே அதே கனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிற்கும்போது இரண்டும் ஒன்றையொன்று சமன் செய்துகொள்ளும், சக்கரம் எங்கே விட்டாலும் அங்கேயே நிற்கும், குறையே தெரியாது. சுற்றும்போது உள்ளே உள்ள கனம் ஒரு பக்கம் இழுக்கும், வெளியே உள்ளது எதிர்ப் பக்கம் இழுக்கும், சக்கரம் தள்ளாடும். மெஷினில் மாட்டிச் சுற்றுவது இதைப் பிடிக்கத்தான்.

சுற்றுகிற எந்தப் பொருளின் ஆற்றலும் மூன்று திசைச் சுழற்சியின் இருபடி வடிவம். அதன் அணியில் மூலைவிட்டத்தில் மூன்று எண்கள், மீதி எல்லாம் கலப்பு உறுப்புகள். எவ்வளவு கோணல்மாணலான பொருளாக இருந்தாலும், அம்மிக்கல்லோ நாற்காலியோ எதுவானாலும் சரி, ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று அச்சுகள் அதற்குள் உண்டு, அந்த அச்சுகளில் பார்த்தால் கலப்பு உறுப்பு கிடையாது, அந்த அச்சில் சுற்றினால் தள்ளாட்டம் கிடையாது. உங்கள் வீலின் அந்த அச்சு காரின் ஆக்ஸிலோடு ஒரு துளி விலகி இருந்திருக்கிறது. பரீட்சையில் பிள்ளைகள் அச்சைத் திருப்பிக் கலப்பு உறுப்பை ஒழிப்பார்கள். டயர் கடையில் ஆக்ஸிலைத் திருப்ப முடியாது, அதனால் உள்ளே கொஞ்சம் வெளியே கொஞ்சம் வெயிட் வைத்துச் சக்கரத்தையே திருத்துகிறார்கள். தள்ளாட்டத்தின் விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, 40-ல் இருந்ததைப்போல 80-ல் நான்கு மடங்கு. 80-ஐத் தாண்டினால்தான் உங்கள் கைக்குத் தெரிந்ததில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

இதே கணக்கு வானத்தில் ஒரு பாடம் சொல்லிக் கொடுத்திருக்கிறது. அமெரிக்காவின் முதல் செயற்கைக்கோள் எக்ஸ்ப்ளோரர் 1, 1958 ஜனவரி 31 அன்று ஏவப்பட்டது. பென்சில் மாதிரி நீளமான உடல், நீளம் சுமார் 2 மீட்டர், எடை 14 கிலோவுக்குப் பக்கம். நீளவாக்கு அச்சில் நிமிடத்துக்கு 750 சுற்று வேகத்தில் சுழலவிட்டால் நேராக நிற்கும் என்று அனுப்பினார்கள். முதல் சுற்று முடிவதற்குள் அது நீளவாக்கில் சுழல்வதை விட்டுவிட்டு, வீசியெறிந்த குச்சிபோலத் தலைகுப்புறச் சுழல ஆரம்பித்திருந்தது. அதன் பக்கவாட்டில் நான்கு வளையும் ஆன்டெனாக்கள் நீட்டிக்கொண்டிருந்தன. அவை ஆடி ஆடிச் சுழற்சியின் ஆற்றலைக் கொஞ்சம் கொஞ்சமாக வெப்பமாக்கிவிட்டன. வானத்தில் தொட்டுப் பிடிக்க எதுவும் இல்லை, சுழல் உந்தத்தின் (ஆங்குலர் மொமென்டம்) அளவு மாறாது, ஆனால் ஆற்றல் மட்டும் குறைகிறது. அப்படியானால் அதே உந்தத்துக்கு மிகக் குறைந்த ஆற்றல் எந்த அச்சில் என்று பார்த்தால், நிலைமத் திருப்புத்திறன், அதாவது சுழற்ற முயன்றால் பொருள் காட்டும் தயக்கம், மிகப் பெரியதாக இருக்கும் அச்சில். பென்சிலுக்கு அது குறுக்கு அச்சு. செயற்கைக்கோள் அங்கே போய்ச் சேர்ந்தது. பூமியைச் சூழ்ந்திருக்கும் வான் ஆலன் கதிர்வீச்சுப் பட்டையைக் கண்டுபிடித்துக் கொடுத்த அதே செயற்கைக்கோள்தான் இந்தப் பாடத்தையும் கொடுத்தது.

கேள்வி: ஓய்வுபெற்ற பணத்தில் கொஞ்சம் தங்கம், கொஞ்சம் மியூச்சுவல் ஃபண்ட் என்று பிரித்து வை என்கிறார்கள். பிரித்தால் ரிஸ்க் குறையும் என்று எல்லோரும் சொல்கிறார்கள், ஏன் என்று யாரும் சொல்லவில்லை. உங்கள் கணக்கில் இதற்கு இடம் உண்டா?
— ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், காரைக்குடி

பதில்: ஐயா, இதற்குத்தான் ஹாரி மார்க்கோவிட்ஸ் 1990-ல் பொருளாதார நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 1952-ல், 24 வயதில் எழுதிய கட்டுரை, அதன் நடுவில் இருப்பது ஓர் இருபடி வடிவம்.

கணக்குக்காக எண்களை வைத்துக்கொள்வோம், இவை இன்றைய சந்தை நிலவரம் இல்லை. தங்கத்தின் ஏற்ற இறக்கம் 15, பங்கின் ஏற்ற இறக்கம் 20. இரண்டுக்கும் ஒன்றோடொன்று தொடர்பே இல்லை, அதாவது கலப்பு உறுப்பு பூஜ்யம். பணத்தைப் பாதிப் பாதியாகப் போட்டால் மொத்த ஏற்ற இறக்கம் எவ்வளவு? சராசரி 17.5 என்று தோன்றும். ஆனால் கூட்ட வேண்டியது வர்க்கங்களை. 7.5-ன் வர்க்கம் 56.25, 10-ன் வர்க்கம் 100, கூட்டினால் 156.25, அதன் வர்க்கமூலம் 12.5. தனித்தனியாக 15, 20, சேர்ந்தால் இரண்டையும்விடக் குறைவு! முதல்முறை இதைப் போட்டுப் பார்த்தபோது எனக்குத் தப்பு செய்துவிட்டோமோ என்று சந்தேகம் வந்து திரும்பவும் போட்டேன்.

இரண்டும் ஒரே நேரத்தில் ஏறி ஒரே நேரத்தில் இறங்குமானால் கலப்பு உறுப்பு முழுசாக வந்து சேர்ந்து 17.5 ஆகிவிடும், பிரித்ததால் நடந்த நன்மை கொஞ்சம்கூட இல்லை. ஆகவே எத்தனை இடத்தில் போட்டோம் என்று எண்ணுவதைவிட, போட்ட இடங்கள் ஒன்றோடொன்று எப்படி நடந்துகொள்கின்றன என்று பார்ப்பதுதான் முக்கியம். நிஃப்டி என்கிற பங்குச் சந்தைக் குறியீட்டில் 50 நிறுவனங்கள் இருக்கின்றன, அவற்றின் தனி உறுப்புகள் 50, சோடி சோடியாக வரும் கலப்பு உறுப்புகளோ 1225. கூட்டம் பெருகப் பெருகத் தனி ஆளின் குணம் கரைந்துவிடும், சோடிகளின் உறவுதான் மிஞ்சும். நீங்கள் எதில் போட வேண்டும் என்பதை நான் சொல்ல மாட்டேன், அதற்குப் படித்த ஆலோசகரைப் பாருங்கள். ஆனால் நான்கு மியூச்சுவல் ஃபண்டில் போட்டிருக்கிறேன் என்று யாராவது நிம்மதியாக இருந்தால், அந்த நான்கும் ஒரே பங்குகளையே வாங்கி வைத்திருக்கின்றனவா என்று ஒருதடவை பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: குழந்தைகளுக்கு உயரம், எடை எடுக்கும்போது தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் அளவுக்குள் இருக்கும், சேர்த்துப் பார்த்தால் ஏதோ சரியில்லை என்று மனசுக்குப் படும். இந்த ‘சேர்த்துப் பார்ப்பதற்கு’ கணக்கு இருக்கிறதா?
— கிராம சுகாதார செவிலியர், திருவண்ணாமலை

பதில்: இருக்கிறது சகோதரி, அதைக் கொடுத்தவர் நம் நாட்டுக்காரர். கொல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கிய பி. சி. மஹலனோபிஸ், 1936-ல் வெளியிட்டார். இன்றைக்கும் உலகம் முழுக்க ‘மஹலனோபிஸ் தூரம்’ என்றுதான் பெயர்.

உயரமும் எடையும் சேர்ந்து நடப்பவை. உயரமானவர் கொஞ்சம் எடை கூடத்தான் இருப்பார். இந்த ஒட்டுறவு 0.8 என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம் (முழு ஒட்டுறவு என்றால் 1, உறவே இல்லை என்றால் 0). எல்லோரும் சராசரியிலிருந்து வழக்கமாக விலகுகிற அளவை ஒரு ‘படி’ என்போம். ஒருவர் உயரத்தில் சராசரியைவிட ஒன்றரைப் படி மேலே, எடையிலும் ஒன்றரைப் படி மேலே. இன்னொருவர் உயரத்தில் ஒன்றரைப் படி மேலே, எடையில் ஒன்றரைப் படி கீழே. தனித்தனியாகப் பார்த்தால் இருவரும் சராசரியிலிருந்து ஒரே அளவுதான் விலகியிருக்கிறார்கள். மஹலனோபிஸின் வடிவத்தில் போட்டால் முதல் ஆளுக்கு 2.5, இரண்டாம் ஆளுக்கு 22.5. ஒன்பது மடங்கு! வித்தியாசம் முழுவதும் கலப்பு உறுப்பிலிருந்து வருகிறது, முதல் ஆளுக்கு அது கழிகிறது, இரண்டாம் ஆளுக்குக் கூடுகிறது. உங்களிடம் உள்ள வளர்ச்சி அட்டவணைகளில் உயரத்துக்கேற்ற எடை என்று தனியாக ஒன்று இருப்பதும் இந்த எண்ணத்தின் எளிய வடிவம்தான். வருடக்கணக்காகக் குழந்தைகளைத் தூக்கி நிறுத்தி அளந்த உங்கள் கண்ணுக்கு அது தெரிகிறது என்றால், அந்தச் சந்தேகத்தை அப்படியே விட்டுவிடாதீர்கள், டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் ஊர் ராமானுஜன் இந்த இருபடி வடிவத்தில் ஏதாவது செய்திருக்கிறாரா?
— கணித ஆசிரியை, கும்பகோணம்

பதில்: செய்திருக்கிறார், அதுவும் இன்றுவரை அதன் நூல் அறவில்லை. பீம், டயர் எல்லாம் இதில் கிடையாது, சுத்தமான எண் கணக்கு.

எந்த நேர் முழு எண்ணையும் நான்கு வர்க்கங்களின் கூட்டலாக எழுதலாம் என்று கணித மேதை லக்ராஞ்சு 1770-ல் நிரூபித்தார். 7 என்றால் 4 + 1 + 1 + 1. பூஜ்யத்தின் வர்க்கத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். அந்த நான்கு வர்க்கங்களுக்கு முன்னால் வேறு எண்களைப் போட்டால் எந்தெந்தக் கூட்டணியில் எல்லா எண்ணும் வரும் என்று ராமானுஜன் கேட்டார். 1917-ல் வெளியான கட்டுரையில் 55 கூட்டணிகளைப் பட்டியலிட்டார். அதில் 54 சரி. ஒன்றே ஒன்று தவறியது, 1, 2, 5, 5 என்ற கூட்டணி. அதில் 15 மட்டும் வராது.

வகுப்பில் கரும்பலகையில் போட்டுப் பாருங்கள், ஐந்து நிமிட வேலை. பின்னால் உள்ள இரண்டு ஐந்துகளிலிருந்து 15-க்கு மேல் போகாமல் 0, 5, 10 மட்டும்தான் கிடைக்கும். மீதி 15, 10, 5 இவற்றில் ஒன்றை முதல் வர்க்கமும் இரண்டாம் வர்க்கத்தின் இரு மடங்கும் சேர்ந்து தர வேண்டும். 15-லிருந்து 0, 2, 8 கழித்தால் 15, 13, 7, எதுவும் வர்க்கம் இல்லை. 10-லிருந்து கழித்தால் 10, 8, 2, இல்லை. 5-லிருந்து கழித்தால் 5, 3, அதுவும் இல்லை. இந்தக் கூட்டணி தவறவிடும் எண் உலகத்திலேயே அந்த 15 ஒன்றுதான்.

இங்கிருந்துதான் கதை இன்னும் அழகாகிறது. கான்வே, ஷ்னீபெர்கர் என்ற இரண்டு கணிதர்கள் 1993-ல் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். முழு எண்களால் ஆன சமச்சீர் அணி, வடிவமும் பாசிட்டிவ் டெஃபனிட் என்றால், 1 முதல் 15 வரை எல்லா எண்ணும் அதில் வருகிறதா என்று மட்டும் பாருங்கள். வந்துவிட்டால் எல்லா நேர் முழு எண்ணும் வரும். 14 வரை பார்த்தால் ஏன் போதாது என்பதற்குச் சாட்சி, ராமானுஜனின் பட்டியலில் தவறிய அந்த ஒரே கூட்டணி. கணிதர் மஞ்சுள் பார்கவா இதற்கு எளிய நிரூபணம் கொடுத்தார்.

அந்த அணியில் கலப்பு உறுப்பு பாதிப் பாதியாகப் பிரிந்து முழு எண்ணாக உட்காருவதால், வடிவத்தில் எக்ஸ்ஒய்க்கு முன்னால் வரும் எண் இரட்டைப்படையாகத்தான் இருக்கும். எக்ஸ்ஒய்க்கு முன்னால் ஒற்றைப்படை எண்ணும் வரட்டும் என்று கதவைத் திறந்தால் 15 போதாது. அச்சைத் திருப்பிக் கலப்பு உறுப்பைத் துரத்தலாமே என்றால், நம் வித்தை இங்கே செல்லுபடியாகாது. மேலே விருதுநகர் மாணவிக்குச் சொன்ன (2, 1) திசையை எடுத்துக்கொள்ளுங்கள், அதன் நீளத்தைச் சரிசெய்ய ரூட் 5 உள்ளே வரும், வந்ததும் முழு எண் உடைந்துவிடும். கலப்பு உறுப்பை வைத்துக்கொண்டேதான் போராட வேண்டும். பார்கவாவும் ஜொனதன் ஹாங்கேவும் போராடி விடையைக் கொண்டுவந்தார்கள்: 29 எண்களைச் சோதித்தால் போதும், அவற்றில் பெரியது 290.